அவரவர் மூச்சு

விடியும் முன்பே அவித்த நெல்லை ஆவி பறக்கக் களத்தில் கொட்டிவிடுவார்கள். பாபநாசம் சாலையில் இருந்த இராஜாங்கத்தின் அரிசி ஆலையில் பெண்கள் வெறுங்காலால் அதைக் கிளறியபடி நடந்தார்கள். உமித்தூசும் பாய்லர் சாம்பலும் கண்ணிலும் மூக்கிலும் அப்பின. முகத்தில் சுற்றிய துணியெல்லாம் ஒப்புக்குத்தான். அம்சம் ஒரு வரிசை நடந்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். பேச மூச்சில்லை.

இப்படி மூச்சு முட்டும் நுரையீரல் நோய் ஆலையில் பலருக்கு உண்டு. முன்பெல்லாம் எப்போதாவது மாத்திரை கொடுத்ததோடு சரி. இப்போது சுகாதார நிலையத்து நர்ஸ் செம்மொழி டேப்லெட் கணினியோடு ஆலைக்கே வருகிறாள். மூச்சை அளக்கும் குழாயில் ஊதச் சொல்வாள். இருமல், தூக்கம் எல்லாம் கேட்பாள். நோய் முற்றியவர் பெயர் திரையில் சிவப்பாகும். டாக்டருக்கு உடனே தகவல் போகும், மருந்து மாறும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நர்ஸின் தோளுக்குப் பின்னால் நின்று இராஜாங்கமும் திரையைப் பார்த்தார்.

"சிவப்பு வந்தவங்க நாளைலேருந்து வர வேணாம். இங்க விழுந்து செத்தா என் தலையிலதான் விடியும்."

அதனால் போன மாதம் அம்சத்தின் பெயரில், கூட நெல் கிளறும் மலர்க்கொடி ஊதினாள். சின்ன வயசு, நல்ல மூச்சு. எல்லா முகத்திலும் சாம்பல். ஊருக்குப் புதிதான செம்மொழிக்கு யார் யாரென்று தெரியவில்லை. திரையில் அம்சம் பச்சையானாள். வேலை தப்பியது. டாக்டர் கூப்பிடவில்லை, மருந்தும் மாறவில்லை.

மாதம் முடிவதற்குள் அம்சம் வீட்டில் மூச்சு முட்டி விழுந்தாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். முதலாளியிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மறுபடி களத்துக்கே வந்தாள். அடுப்பு எரிய வேண்டுமே!

"உதவின்னு நெனச்சு உன்னக் கொல்லப் பாத்தேனேக்கா," என்று மலர்க்கொடி அழுதாள்.

"நாந்தானேடி ஊதச் சொன்னேன்."

பாய்லர் பார்க்கும் வைரக்கண்ணு இருமி ஓய்ந்தார். "ஒவ்வொருத்தரா சிவப்பானா ஒவ்வொருத்தரா அனுப்புவான். எல்லாரும் அவங்கவங்க மூச்சையே ஊதுவோம். எத்தன பேர அனுப்புறான்னு பாப்போம்."

அலுப்பில் வந்த பேச்சுதான். ஆனால் யாரும் மறுக்கவில்லை.

நர்ஸ் மறுபடி வந்த காலையில் எல்லோரும் வேலையை விட்டு ஆபீஸ் வாசலில் கூடினார்கள். மலர்க்கொடி முகத்துணியை அவிழ்த்தாள்.

"போன தடவ அம்சக்கா பேர்ல ஊதினது நாந்தாங்க சிஸ்டர்."

செம்மொழியின் முகம் வெளுத்தது. பின்னால் நின்ற இராஜாங்கத்திடம் திரும்பி, "சார், நீங்க வெளியில இருங்க. இது நோயாளிங்க விஷயம்," என்றாள்.

"இருக்கட்டுங்க சிஸ்டர். அவரும் பாக்கட்டும்," என்றார் வைரக்கண்ணு.

ஊதினார்கள். சிவப்பு. மறுபடி சிவப்பு. வைரக்கண்ணுவும் சிவப்பு.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க!" என்று இராஜாங்கம் கத்தினார்.

"போறோங்க. களத்து நெல்லு வீணாப் போகாம யாரு கிளறுவா?" என்றாள் மலர்க்கொடி. "தூசி இழுக்குற மிஷின் போடுங்க. டாக்டர பாக்கப் போற நாளுக்கும் கூலி குடுங்க. ஒருத்தரையும் நிறுத்தாதீங்க. அப்புறம் எறங்குறோம்."

"மிஷினுக்கு உங்கப்பனா பணம் தருவான்?"

வேறு ஆள் தேடி அவர் போனை எடுத்தார். ஆள் கிடைத்தாலும் கிடைக்கலாம். வெயில் ஏறியது; நெல் கிளறாமல் கிடந்தது.

கடைசியாக அம்சம் குழாயை வாங்கினாள். ஊதினாள்; திரையில் எதுவும் அசையவில்லை. இருமல் வந்து அவளைத் தரையில் உட்கார்த்தியது.

"அவசரமில்லம்மா. மூச்சு வாங்கிட்டு ஊதுங்க," என்றாள் செம்மொழி.

அம்சம் ஊதி முடிக்கும்வரை ஒருவரும் களத்தில் கால் வைக்கவில்லை.