எட்டாத தராசு

கை எட்டவில்லை. கண்ணாடிப் பெட்டியின் இரண்டு ஓட்டைகளிலும் பொருத்தியிருந்த ரப்பர் கையுறைகளுக்குள் தோள்வரை நுழைத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் தராசுக்கும் என் விரலுக்கும் நடுவே இன்னும் ஒரு சாண் மிச்சம். குறுக்கே நின்றது என் எட்டு மாத வயிறு.

அந்தப் பெட்டி வந்ததே இந்த வயிற்றால்தான். நாங்கள் நிறுத்து ஆராயும் பொடி, மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும். இத்தனை வருடம் முகமூடியைக் கட்டிக்கொண்டு திறந்த மேசையில் நிறுத்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. நான் உண்டாகியிருக்கிறேன் என்று சொன்ன அன்றே ஆய்வகத் தலைவி மேடம், ஆராய்ச்சியை நெட்டையனிடம் கொடுத்துவிட்டு எழுத்து வேலை பார் என்றார். நெட்டையன் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன், நல்லவன்தான். அதற்காக, நான் பாடுபட்டு வளர்த்ததைத் தாரை வார்க்க முடியுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னை ஏன் மேடம் வெளிய அனுப்புறீங்க? பொடியை உள்ள போட்டுப் பூட்டுங்க."

மேடம் முறைத்தார். ஆனால் பூட்டினார். நாலு பக்கமும் அடைத்த பெட்டி வந்தது. உள்காற்றை உறிஞ்சி, வடிகட்டி, கூரைக்கு மேல் தள்ளும் குழாயும் வந்தது. முகமூடி இல்லாத முதல் நாள் நெட்டையன் பாட்டே பாடினான். வயிறு வளரும் என்பதை மட்டும் இத்தனை படித்தவர்களில் யாருமே யோசிக்கவில்லை, நான் உட்பட.

கடைசி நிறுவை ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் நெட்டையன்தான் செய்வான் என்று மேடம் சொல்லிவிட்டார். அன்று இரவு வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் இதே கூத்து. தட்டு எட்டாமல் வயிற்றின் மேலேயே சிந்திக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"மேசையைக் கொஞ்சம் தூக்கிட்டா உன் வயிறு அடியில போயிடும்மா. தட்டு தானா கிட்ட வரும்."

சண்டைக்கு வாயெடுத்தவளுக்குச் சட்டென்று கண்ணாடிப் பெட்டி நினைவுக்கு வந்தது.

மறுநாள் ஆய்வகப் பட்டறை அண்ணன் பெட்டியின் கால்களை உயர்த்திக் கொடுத்தார். எங்காவது கசிகிறதா என்று மறுபடியும் சோதித்தோம். பிறகு முக்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பெட்டிக்கு அடியில் விட்டுக் கையை நீட்டினேன். விரல் தராசைத் தொட்டது. பொடியை வைத்தேன். எண்கள் ஓடி நின்றன.

அந்த நேரம் பார்த்து வயிற்றுக்குள் ஓர் உதை. வெள்ளைக் கோட்டின் பொத்தான் துள்ளியது. பக்கத்தில் எண்ணைக் குறித்துக்கொள்ள வந்து நின்ற நெட்டையன், பேனாவைப் பிடித்தபடி அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான்.