பக்கத்துக் கடைமேல் ஒரு புகார்

உணவகங்கள் எல்லாம் கழிவுநீரில் எண்ணெயைப் பிடித்து வைக்கும் கிரீஸ் டிராப் தொட்டி வைத்தாக வேண்டும் என்று நகராட்சியிலிருந்து பதினான்கு பக்க அறிவிப்பு வந்தது. எங்கள் சந்தில் அதை முழுதாகப் படித்த ஒரே உணவகக்காரன் நான்தான். படித்ததோடு விட்டேனா? கண்ணில் பட்டவரையெல்லாம் நிறுத்தி வைத்து விளக்கினேன்.

"பாத்திரம் கழுவுற தண்ணி நேரா சாக்கடைக்குப் போகக்கூடாது. முதல்ல ஒரு தொட்டிக்குள்ள போகணும். எண்ணெய் மேல மிதக்கும், கசடு அடியில தங்கும், நடுவுல இருக்குற தண்ணி மட்டும் வெளிய போகும். கால் தொட்டி நிரம்புறதுக்குள்ள சுத்தம் பண்ணி நோட்டுல எழுதிடணும்."

என் தொட்டி கடையின் பின்சுவர் ஓரமாக, ஓர் இரும்பு மூடிக்கு அடியில் இருந்தது. கடையை எனக்கு விற்றவர் "பின்னாடி இருக்கு" என்று சொல்லியிருந்தார். பின்னால் இருந்த மூடி அது ஒன்றுதான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பேன். பிசுக்கே இருக்காது. கண்ணாடி போட்ட ஒரு வட்டத்துக்குள் எண்கள் மட்டும் தெரியும். இதுவரை பிடிபட்ட எண்ணெயின் அளவு அது என்று நானே முடிவு செய்து, நோட்டில் குறித்துக் கையெழுத்தும் போடுவேன். எண் ஏறிக்கொண்டே போனது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இதற்கிடையில் சந்துச் சாக்கடை மாதம் ஒருமுறை பொங்கி வழிய ஆரம்பித்தது.

"என்னங்க, சிங்க்ல தண்ணி இறங்கவே மாட்டேங்குது" என்பாள் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் என் மனைவி.

"கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்து" என்பேன்.

ஊற்றுவாள், இறங்கும். இரண்டு நாள் கழித்துச் சந்து பொங்கும். இரண்டுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறதே என்று யாருக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியது பக்கத்துக் கடைக்காரர்.

அவர் கோழி வறுத்து விற்பவர். காலை முதல் அடுப்பில் எண்ணெய் கொதித்துக்கொண்டே இருக்கும். இவ்வளவு எண்ணெய் வைத்திருப்பவன் யோக்கியனாக இருக்க முடியுமா? விதி எண்களைப் போட்டு மூன்று பக்கத்துக்கு நகராட்சிக்குப் புகார் எழுதினேன்.

"அவர்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றாள் மனைவி.

"அப்புறம் விதின்னு எதுக்கு இருக்கு?" என்றேன்.

அடுத்த வாரம் முற்பகலில் ஆய்வாளர் அம்மா ஒரு நீளக் குச்சியோடு வந்தார். யாரும் கூப்பிடாமலே நானும் கோழிக்கடைக்குள் நுழைந்து ஓரமாக நின்றேன். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் தன் தொட்டியின் மூடியைத் திறந்தார். ஆய்வாளர் குச்சியை விட்டு எடுத்தபோது அதில் இரண்டு விரல் தடிப்புக்குத்தான் கொழுப்பு ஒட்டியிருந்தது.

"நல்லா வெச்சிருக்கீங்க" என்ற ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். "உங்களோடதையும் பாத்துடலாமா சார்?"

இதற்காகத்தானே காத்திருந்தேன்! நோட்டை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். கோழிக்கடைக்காரரும் கூடவே வந்தார். மூடியை நானே தூக்கினேன்.

"பாத்தீங்களா மேடம், எவ்வளவு சுத்தம்!"

அவர் குனிந்து பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

"சார், இது தண்ணி மீட்டர்."

அவர் நோட்டைப் புரட்டினார். "பதினாலு மாசமா ஒரு தடவைகூட விடாம எழுதியிருக்கீங்க. தண்ணி ஆபீஸ்லகூட இவ்வளவு ஒழுங்கா எழுத மாட்டாங்க."

உண்மையான தொட்டி பாத்திரம் கழுவும் சிங்க்குக்கு அடியில் இருந்தது. அதன்மேல் வெங்காயப் பெட்டிகள் இருந்தன.

"அதுவா? ஏதோ மேடைன்னு நெனச்சேன்" என்றாள் மனைவி. கொஞ்சம் நிறுத்தி, "அதுமேல அடுக்கச் சொன்னது நீங்கதான்" என்று ஆய்வாளர் காதில் விழும்படி சேர்த்துக்கொண்டாள்.

திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. கோழிக்கடைக்காரர் ஓடிப்போய் ஸ்பேனர் எடுத்து வந்தார். மூடி திறந்ததும் நாலு பேரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்தினோம். ஆய்வாளர் குச்சியை விட்டார். அது பாதிகூட இறங்காமல் அப்படியே நட்டுக்கொண்டு நின்றது.

"இதுல இனிமே எதுவும் தங்க இடமில்ல. நீங்க ஊத்துற வெந்நீர் எண்ணெயை உருக்கிச் சாக்கடைக்கு அனுப்புது. அங்க ஆறி அடைச்சுக்குது" என்றார். அனுமதி பெற்ற வண்டி வந்து உறிஞ்சி எடுக்கும்வரை அந்த சிங்க்கைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வண்டிக்குப் போன் செய்தால், மூன்று நாள் ஆகும் என்றார்கள்.

கடையைப் பூட்டிவிடலாம் என்று நான் புலம்பிக்கொண்டிருக்கையில், "பாத்திரத்தையெல்லாம் நம்ம கடைக்குக் கொண்டாங்கண்ணே" என்றார் கோழிக்கடைக்காரர்.

அன்று பிற்பகல் அவருடைய சிங்க்கில் நான் தேய்க்க, அவர் அலசினார். நாலைந்து பாத்திரம் போனதும் பேச்செடுத்தார்.

"யாரோ என்மேல புகார் கொடுத்திருக்காங்கண்ணே. மூணு பக்கமாம்."

அவர் தண்ணீரில் அவர் சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது?

"நான்தான் தம்பி."

"தெரியும். விதி நம்பரெல்லாம் போட்டிருக்குன்னு அந்தம்மா சொன்னாங்க. இந்தச் சந்துல அப்படி எழுத வேற யாரு இருக்கா?"

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் ஒரு வாணலியை என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"அடியில கரி போகல பாருங்க. நல்லாத் தேய்ங்க."

மூன்று நாளும் தேய்த்தேன். அவ்வளவு அக்கறையாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

வண்டி வந்து உறிஞ்சிவிட்டுப் போனபின் சந்து பொங்கவில்லை. எங்கள் நோட்டில் இப்போது மனைவிதான் கையெழுத்துப் போடுகிறாள். என் கையெழுத்தை நம்ப முடியாதாம். மீட்டர் கதை சந்து முழுக்கப் பரவியது. வாய்விட்டுச் சிரித்த மற்ற உணவகக்காரர்களில் இரண்டு பேர் மறுநாளே கோழிக்கடைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, தங்கள் தொட்டி எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். அவர் கிளம்பும்போது என்னையும் அழைத்தார். ஒரு வார்த்தை பேசாமல், அங்கேயும் தொட்டிமேல் இருந்த வெங்காயப் பெட்டிகளை நகர்த்தி வைக்கும் வேலையை மட்டும் செய்தேன்.