இறுக்கினால் ஒழுகும்

"இந்தத் தடத்த மறைச்சுடட்டுமா, இல்ல இப்படியே விட்டுடட்டுமா?"

பவுடர் பஞ்சைப் பெரியவரின் முகத்துக்கு மேலே பிடித்தபடி கேட்டார், அடக்கம் செய்யும் நிறுவனத்திலிருந்து வந்த ஆள். கேட்டது என்னவோ பெரியவரின் மனைவியிடம்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டவர் பெரியவரின் தம்பி.

சவப்பெட்டியின் கால்மாட்டில் நின்றிருந்த அந்தத் தம்பியை எல்லோரும் சின்னவர் என்பார்கள். தடங்களைப் பார்க்காமலிருக்க அவர் படாத பாடு பட்டார். ஜன்னலைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். கண் மறுபடியும் அங்கேயே போய் நின்றது. மூக்குத் தண்டில் ஒரு பள்ளம். இரண்டு கன்னங்களிலும் காதை நோக்கி ஓடும் பட்டைக் கோடுகள். மண்வெட்டியால் வெட்டிய வாய்க்கால் தோற்றது. தண்ணீர் விட்டால் ஒரு ஏக்கர் பாயும். வெட்டியவர் சின்னவரேதான். நேற்றுக் காலையில், தன் இரண்டு கைகளாலும்.

அண்ணி குனிந்து பார்த்தாள். அவசரமில்லாமல் பார்த்தாள். நிமிரும்போது சின்னவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்படியே இருக்கட்டும்," என்றாள்.

தொலைந்தேன், என்று நினைத்துக்கொண்டார் சின்னவர்.

அண்ணன் தம்பி இருவருக்கும் குழாய் வேலை. ஒழுகுகிறதா, இறுக்கு. இன்னும் ஒழுகுகிறதா, மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி இன்னும் இறுக்கு. இந்த ஒரே பாடத்தை வைத்துக்கொண்டு பாதி நகரத்தின் குளியலறைகளை அவர்கள் உலர வைத்திருந்தார்கள். பட்டறை ஆட்கள் இருவருக்கும் வைத்த பெயர் பெரிய கம்ப்ரசர், சின்னக் கம்ப்ரசர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் ஒரே நேரத்தில் குறட்டைவிட்டால், சுவரில் தொங்கும் ரெஞ்சுகள் ஆடி ஆடித் தாமாகவே அளவுவாரியாக வரிசைக்கு வந்துவிடும் என்பது பட்டறையின் நம்பிக்கை. குறட்டையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது திடீரென்று நிற்கும். கூடவே மூச்சும் நிற்கும். அப்புறம் அடைத்துக் கிடந்த சாக்கடை திறந்துகொண்டதுபோல ஒரு பெரிய 'ஹக்'.

இருவரையும் ஒரே நாளில் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனவள் அண்ணி. தூக்கத்தில் மூச்சு நிற்கும் வியாதி என்றார்கள். ஆளுக்கொரு காற்று மெஷினும், மூக்கில் மாட்டிக்கொள்ளும் மாஸ்க்கும் கொடுத்தார்கள். சின்னவர் தன்னுடையதை வண்டியில், குழாய் எல்போக்களுக்கும் சாக்கெட்டுகளுக்கும் அடியில் போட்டவர் போட்டவர்தான். "நாய்க்கு வாய்ப்பூட்டு போடுற மாதிரி இருக்கு, ஆள விடுங்க." பெரியவர் மட்டும் மனைவிக்குப் பயந்து மாட்டிக்கொண்டார்.

அதுவோ ஒழுகியது. கண்ணுக்குள் காற்றடித்தது. சில நாள் விசிலடித்தது, சில நாள் பாம்பாகச் சீறியது. குழாய்க்காரர் வீட்டில் ஒரு ஒழுகலா! சின்னவருக்கு அது தொழில்முறை அவமானம். கருவிப் பையோடு வந்தார். டயர் ட்யூபை வெட்டி வாஷர் செய்து சொருகினார். விளிம்பில் வெள்ளை டேப் சுற்றினார். ஒவ்வொரு வருகையிலும் பட்டைகளை இழுத்து இறுக்கினார். நேற்றுக் காலை இழுத்த இழுப்பில் அண்ணனின் தலை சுரைக்காய்போல நீண்டிருக்கும்.

"டேய், அந்த மூக்கு எனக்கு வேணும்டா."

"ஒழுகுதா, அத மட்டும் சொல்லு."

"ஒழுகல. மூச்சும் வரல."

இருவரும் சிரித்தார்கள். சின்னவர் கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். மதியம் மாஸ்க்கோடு படுத்த பெரியவர் எழுந்திருக்கவில்லை.

'மூச்சும் வரல.' நேற்றிலிருந்து சின்னவரின் காதுக்குள் வேறெதுவும் கேட்கவில்லை. டாக்டர் வந்தார், அண்ணியிடம் ஏதோ சொன்னார், கையெழுத்துப் போட்டார், போனார். சின்னவர் கண்ணை மூடவே இல்லை. மூடினால் அண்ணன் கன்னத்தில் வாய்க்கால்களோடு வந்து நின்று, "ஒழுகுதாடா?" என்று கேட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அவர் கண்ணுக்குக் காக்கிச் சட்டையில் தெரிந்தார்கள். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் பெட்டிக்குள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். அவ்வளவு நேரம் பார்க்க அங்கே பல்லா தெரிகிறது? அத்தை முறை ஒருத்தி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "தூக்கத்துலயே போயிட்டான், கொடுத்து வெச்சவன். வலியே இருந்திருக்காதுல்ல?" என்றாள். சின்னவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். துக்கம் என்று நினைத்து நாற்காலி போட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்திலும் அண்ணி அவர் பக்கம் பார்த்தாள். வண்டியில் திரும்பும்போதும் பார்த்தாள். அந்த மாஸ்க்கை அவள் எங்கோ எடுத்து வைத்திருக்கிறாள், பட்டைகள் அவர் இறுக்கிய இடத்திலேயே இருக்கின்றன, யாரிடமாவது காட்டுவாள் என்று முடிவே கட்டிவிட்டார் சின்னவர். இனி ஒரே வழிதான். அவள் காட்டுவதற்குள் தளர்த்திவிட வேண்டும்.

கூடத்தில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணனின் அறைக்குள் நழுவினார். கட்டிலருகே மெஷின் மட்டும் இருந்தது. தலையணைக்கு அடியில் இல்லை. அலமாரியில் இல்லை. குளியலறைக்குள் போனார். துண்டுக் கம்பியில், கழுவி, தலைகீழாகத் தொங்கியது மாஸ்க்.

அதை எடுத்தார். பட்டையைப் பிரிக்கப் போனவர் நின்றுவிட்டார். அவர் இழுத்த இடத்தில் பட்டை இல்லை. எங்கேயோ பின்னால், தொளதொளவென்று இருந்தது. ஒவ்வொரு பட்டையிலும் சிவப்பு நூலால் ஒரு சின்னத் தையல். தையலுக்கு நேராகப் பட்டை ஒட்டியிருந்தது. டயர் வாஷரைக் காணோம். டேப்பைக் காணோம். மூக்கில் உட்காரும் ரப்பரே வேறு, சின்னதாக இருந்தது.

"என்ன தம்பி பண்ற?"

வாசலில் அண்ணி.

"ஒண்ணுமில்ல அண்ணி. கை கழுவ வந்தேன்."

"அதுலயா கழுவுவாங்க?"

சின்னவர் கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். "நான்தான் அண்ணி. நேத்து நான்தான் இறுக்கினேன். மூச்சு வரலன்னு அண்ணன் சொன்னான். நான் சிரிச்சேன் அண்ணி. நான்தான் கொன்னுட்டேன்."

"முதல்ல பக்கெட்ட விட்டு எந்திரி. உடைஞ்சிடும்."

அவர் எழுந்தார். அண்ணி மாஸ்க்கை வாங்கி, ஒரு பட்டையைத் திருப்பி அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இந்தச் சிவப்புத் தையல் எதுக்குன்னு நினைக்கிற? நீ ஒவ்வொரு தடவையும் இறுக்கிட்டுப் போவ. நான் உன் வாஷர் வெச்ச ரப்பரக் கழட்டிட்டு சின்னத மாட்டி, பட்டைய மறுபடி இங்க கொண்டாந்து வைப்பேன்; நீ வர்றப்ப உன்னுதையே மாட்டி வைப்பேன். நேத்தும் உன் வண்டி தெருமுனை தாண்டறதுக்குள்ள தளர்த்தியாச்சு. இதோடதான் படுத்தாரு."

"அப்ப ஒழுகியிருக்குமே!" என்று கத்தினார் சின்னவர். அந்த நிலைமையிலும் தொழில் விடவில்லை.

"நீ இறுக்கினாத்தான்டா ஒழுகும். இது பலூன் மாதிரி காத்துல உப்பி, முகத்துல தானா உக்காரணும். நசுக்கினா மடிப்பு விழும், மடிப்பு வழியா காத்து ஓடும். சைஸும் தப்பு. பெரிய ஆளுக்குப் பெரிய சைஸுன்னு நீங்களா எடுத்துக்கிட்டு வந்தீங்க. கிளினிக்ல அந்தப் பொண்ணு அத்தனையும் சொல்லிச்சு. அண்ணனும் தம்பியும் அந்த ரூம்ல வாஷ்பேசின் பைப்ப யாரு மாட்டினான்னு திட்டிக்கிட்டு இருந்தீங்க."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாம? நீ படி இறங்கினதும் 'தளர்த்து, தளர்த்து'ன்னு அவரே தலையக் குடுப்பாரு. உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதாம். 'தான் செஞ்ச வேலைய மாத்திட்டாங்கன்னா அவன் மூஞ்சி தொங்கிடும்'னாரு."

சின்னவர் மூக்கை உறிஞ்சினார். "அப்ப அந்தத் தடம்?"

"உன்னுதுதான். சாயங்காலத்துக்குள்ள மறைஞ்சிடும் எப்பவும்." அண்ணி மாஸ்க்கைத் துண்டுக் கம்பியில் மாட்டினாள். "மறையறதுக்குள்ள போயிட்டாரு."

கூடத்தில் யாரோ கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது.

"பின்ன ஏன் அண்ணி பவுடர் வேணாம்னீங்க? என்னை வேற பார்த்தீங்க."

"பொறந்ததுலருந்து பவுடர் போடாத மனுஷன். இன்னிக்கு மட்டும் எதுக்கு? உன்னப் பார்த்தேன்னா, நீ விழுந்துடுவ போல நின்னுட்டு இருந்த."

சின்னவரின் நெஞ்சிலிருந்து ஒரு தண்ணீர்த் தொட்டி இறங்கியது. சாதாரணத் தொட்டியல்ல, பத்து மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் இருக்கிற தொட்டி. கொலைகாரன் இல்லை. காக்கிச் சட்டை இல்லை. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். துடைத்தபடியே, பேச்சுக்குத்தான் கேட்டார்.

"அப்ப எதனால அண்ணி?"

"டாக்டர் உன் பக்கத்துல நின்னுதானே சொன்னாரு. இதயம். இத்தன வருஷமா மூச்சு நின்னு நின்னு வந்ததுல அது களைச்சுப் போச்சாம். மாஸ்க் போட்டது போன மழைக்கு அப்புறம்தானே. அதுக்கு முன்னாடி எத்தன காலம்!"

துண்டு சின்னவரின் கன்னத்திலேயே நின்றது. எதிரே கண்ணாடி. அதில் அண்ணனின் தாடை, அண்ணனின் குட்டைக் கழுத்து, அண்ணனின் தொங்கு சதை. நேற்றிலிருந்து அவர் அந்த மாஸ்க்கை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தார். கொன்றது மாஸ்க் என்றால், மாஸ்க்கே போடாதவருக்கு என்ன பயம்? இப்போது அது நிரபராதியாகக் கம்பியில் தொங்குகிறது. கொன்றது அவருடைய தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

"நேத்துத் தூங்கினியா?"

"இல்ல."

"இன்னிக்கு?"

"மாட்டேன்."

"எத்தன நாளைக்கு?"

அண்ணி கையை நீட்டினாள். "வண்டி சாவியக் குடு."

வந்தவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். பக்கவாட்டு அறையில் மாலை வெயில் தரையில் கிடந்தது. டாக்டர் சின்னவருக்கென்று எழுதிக்கொடுத்த மெஷின், வண்டியிலிருந்து வந்து, துருப்பொடி தட்டப்பட்டு, நாற்காலியில் இருந்தது. பிரிக்காத உறையிலிருந்து ஒவ்வொரு ரப்பராக எடுத்து அவர் மூக்கில் வைத்துப் பார்த்தாள் அண்ணி. கடைசியில் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"இவ்ளோ சின்னதா? எனக்கா?"

"மூக்குக்குத்தான். வாய்க்கு இல்ல. அதுக்கு இந்த ஊர்ல சைஸ் கிடையாது. படு."

அவர் படுத்தார். பட்டைகளைத் தளர்வாக மாட்டினாள். மெஷினைப் போட்டாள். காற்று திபுதிபுவென்று மூக்குக்குள் நுழைந்ததும் சின்னவர் கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கிணற்றில் தலைகீழாகத் தள்ளிவிட்டதுபோல இருந்தது. கண்ணோரம் விஸ்ஸென்று ஒரு ஒழுகல். கை தானாகவே பட்டைக்குப் போனது. பளாரென்று ஒன்று விழுந்தது.

"கைய எடு."

மாஸ்க்கை முன்பக்கமாகக் கொஞ்சம் தூக்கினாள். ரப்பர் காற்றில் உப்பியது. அப்படியே மெல்ல முகத்தில் இறக்கினாள். இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பட்டையை நகர்த்தினாள். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள், தாராளமாகப் போயிற்று. விஸ் நின்றுவிட்டது. இறுக்காமல் நின்ற ஒழுகலை வாழ்க்கையில் முதன்முறையாகக் கண்ட சின்னவர் அதைச் சொல்ல வாயைத் திறந்தார். காற்று முழுக்க வாய்வழியாகப் பாய்ந்து கன்னம் தவளைபோல உப்பியது.

"வாய மூடு. மூடியே வெச்சிரு. ஒரு பக்கமா திரும்பு. கண்ணுல அடிக்குதா?"

இல்லையென்று தலையாட்டினார்.

அவள் எழுந்தாள். சின்னவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். வாயைத் திறக்காமல், கதவைக் கண்ணால் காட்டினார்.

"சாத்தல," என்றாள்.

போய்விட்டாள். கண்ணிமை கனத்தது. அவர் விழித்தார். மறுபடி கனத்தது. அண்ணன் இப்படித்தான் படுத்திருப்பான், இப்படித்தான் ஒரு பக்கமாக, இதே காற்றுச் சத்தத்தில். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வந்தவர்கள் குடித்த கோப்பைகள். குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே அவரால் சொல்ல முடியும்: பாதிக்கு மேல்.

கண் மூடிக்கொண்டது.

எங்கோ தொலைவில் குழாய் சட்டென்று நின்றது. கோப்பை எதுவும் நகரவில்லை. அடுப்படியில் ஒரு காலடி கூட இல்லை. வீடு முழுக்க மெஷினின் சத்தம் மட்டும்தான்.

அவர் மூச்சை இழுத்து, விட்டார்.

குழாய் மறுபடி திறந்தது. இந்த முறை நூலளவுக்குத்தான், அவர் மூச்சு அவளுக்குக் கேட்கிற அளவுக்கு.