பின் சக்கரம் எழும்பிய ஸ்டாண்டு

வலது முழங்காலில் கட்டுப் பிரித்த மறுவாரமே சின்னத்துரைக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்தார் அவர். குரங்கணிக்கு மேலே சின்னத் தோட்டக்காரர்களிடம் காய் வாங்க, ஜீப்பு போகிற பாதையில் தன் யெஸ்டி பைக்கை ஓட்டிக்கொண்டு போவார். அந்தப் பாதையில்தான் விழுந்தார். வண்டிக்குக் கீறலோடு போயிற்று. கால்தான் முன்போல மடங்க மறுத்தது.

ஓட்டுவதில் கஷ்டமில்லை. நடு ஸ்டாண்டை மிதித்து வண்டியை ஏற்றி நிறுத்தத்தான் வலது கால் இடம் கொடுக்கவில்லை. மலைக்குப் போய்வந்தால் பின் சக்கரத்துக் கம்பிகள் தளர்ந்துவிடும். சக்கரம் அந்தரத்தில் நின்றால்தான் முடுக்க முடியும். அந்தச் சோலியை அவர் எந்த மெக்கானிக்கிடமும் விட்டதில்லை. இப்போது தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட வேண்டியிருந்தது. ஏற்றிவிட்டு அவர்கள் இவர் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், காலைப் பார்ப்பார்கள்.

மதுரைக்குக் கால் காட்டப் போனபோது ஒரு பட்டறையில் வேறு மாதிரி ஸ்டாண்டு ஒன்றைப் பார்த்திருந்தார். பின் சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கிற சுவிங் ஆர்முக்கு அடியில் இரண்டு கொக்கிகளைக் கொடுத்து, பின்னாலிருந்து நீளக் கைப்பிடியை அமுக்கினால் சக்கரம் எழும்பிவிடும். காலுக்கு வேலையே இல்லை. அதிலிருந்து அவருக்கு வேறு நினைப்பு ஓடவில்லை.

வெல்டிங் பட்டறை அழகுமலையிடம் அப்படி ஒன்று இருந்தது, ஒரு எஸ்டேட்காரரின் புல்லட்டுக்காகச் செய்தது. அவன் முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, சின்னத்துரை அமுக்கினார். கொக்கிகள் அகலம். ஒருபக்கம் வழுக்கி, வண்டி தடாலென்று இறங்கியது.

"அவசரப்படாதீங்கண்ணே. உங்க வண்டிக்கு ஒடுக்கமா வச்சு வேற அடிச்சுத் தர்றேன்."

"வெரசா அடி. நாளைக்கு வர்றேன்."

மறுநாள் விடிந்ததும் போய் நின்றார். புதியது இப்போது சைலன்ஸரில் இடித்தது. இரண்டு பக்கமும் சைலன்ஸர் இருப்பதை அழகுமலை யோசிக்கவில்லை. சின்னத்துரைக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு, சணல் கயிற்றை வாங்கித் தானே குனிந்து அளந்தார்: ஆர்முக்கு வெளிப்புறம் எவ்வளவு, சைலன்ஸருக்கும் ஆர்முக்கும் நடுவில் எவ்வளவு சந்து, தரையிலிருந்து எவ்வளவு உயரம். நிமிரும்போது முழங்கால் விண்ணென்று தெறித்தது. அவன் ஸ்டாண்டின் கைகளை மேல்நோக்கி வளைத்து, கொக்கியில் சைக்கிள் ட்யூபைச் சுற்றித் தரும்வரை பட்டறைக்கும் டீக்கடைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

மூன்றாவது கச்சிதமாக உட்கார்ந்தது.

வீட்டு முற்றத்தில் அவர் தனியாக முயன்றார். சைடு ஸ்டாண்டில் வண்டி இடதுபக்கம் சாய்ந்திருந்தது. இடது கொக்கி பிடித்தது, வலது எட்டவில்லை. வண்டியை ஒரு கையால் நிமிர்த்தி, மறுகையால் அமுக்கப் பார்த்தார். கால் உதறியது. வண்டி சுவரில் போய் மோதி நின்றது. பட்டறையில் ஒவ்வொரு தடவையும் அழகுமலை முன்னால் பிடித்திருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சத்தம் கேட்டு அவர் மனைவி சுப்புத்தாய் ஈரக்கையோடு வந்தாள். அவர் படுக்கையில் கிடந்த மாதங்களில் கடையைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

"தள்ளுங்க, நான் பிடிக்கிறேன்."

"வேணாம். நீ உள்ள போ."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? தெருவுல போறவன்கிட்டச் சொல்றீகள்ல?"

அவள் சேலை முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை நிமிர்த்தி, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்தாள். அவர் பின்னால் போய்க் கொக்கிகளைக் கொடுத்து அமுக்கினார். சக்கரம் தரையை விட்டு எழும்பியது.

"எறக்கணும்னா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பலகையில் உட்கார்ந்து கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து முடுக்கினார். முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, நின்றதும் மறுபடி சுழற்றினார். சாயங்காலத்துக்குள் குரங்கணிக்குப் போயாக வேண்டும், காய் காத்திருந்தது. தொண்டையைச் செருமினார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"சுப்பு, கொஞ்சம் வர்றியா?"

அவள் வந்து பிடித்தாள்.