பதினான்காம் கேள்விக்கு ஐந்தாம் விடை

நாடு முழுவதும் உள்ள கும்பல் தடுப்புப் பிரிவுகளைப் பற்றிய ஆய்வு இன்னும் தொடங்கவே இல்லை. கேள்வித்தாள் மட்டும்தான் தயாராகியிருந்தது. கேள்விகள் புரிகின்றனவா என்று பார்க்க, எட்டு நகரங்களின் காவல் பிரிவுகளுக்கு அதை அனுப்பியிருந்தார்கள். அவற்றில் ஒன்று அக்காவின் கணவர் வேலை பார்க்கும் பிரிவு. அதற்குள் அக்கா வீட்டில் புகைய ஆரம்பித்துவிட்டது.

"அத்தானை மேசை மாத்திட்டாங்கடி," என்றாள் அக்கா, தங்கை வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து. "கக்கூஸ் பக்கத்துல ஒரு மூலையில உட்கார வச்சிருக்காங்க. ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசறதில்ல. வெளியில வாயை விட்டது யாருன்னு தலைவர் ஒவ்வொருத்தரா தனியா கூப்பிட்டு விசாரிக்கிறாராம். இவர்தான்னு தெரிஞ்சா வேலைக்கே உலை."

ஆய்வு நிறுவனத்தில் அந்தக் கேள்வித்தாளை எழுதியவள் இளையவள்தான்.

ஒருவர் கும்பலைச் சேர்ந்தவர் என்று உங்கள் பிரிவு எதை வைத்து முடிவு செய்கிறது என்பது பதினான்காம் கேள்வி. அதன் கீழே டிக் அடிக்க ஐந்து கட்டங்கள். அவரே ஒப்புக்கொண்டது, பச்சை குத்தியிருப்பது, கூட்டாளிகள், பழைய வழக்குகள் ஆகிய நான்கும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். ஐந்தாவது, 'கும்பல்காரர் ஒருவரின் இறுதி ஊர்வலத்தில் கலந்துகொண்டது.' இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தான் சிரித்துக்கொண்டே சொன்னது அது. "ஒரு தாதா செத்தா எங்களுக்கு அறுவடைதான். எதிர் மாடியில கேமராவோட உட்கார்ந்துடுவோம். வர்றவன் அத்தனை பேரும் கணக்குல. போன தடவை செத்தவனோட பல் டாக்டரும் உள்ள போயிட்டாரு, பாவம்!"

"ஏன் அத்தான்?"

"கணக்குல ஆள் குறைஞ்சா பிரிவையே கலைச்சிடுவாங்கம்மா. அப்புறம் நான் நடுரோட்டுல நின்னு வண்டிக்குக் கை காட்டணும்."

அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஐந்தாவது விடையை எழுதும்போது அது எங்கிருந்து வந்தது என்று உண்மையிலேயே அவளுக்கு நினைவில்லை. இல்லையா? இருந்ததா? அதையும் தன்னையே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டாள்.

"வேணும்னே பண்ணினியா?" என்றாள் அக்கா.

"ஐயோ, அக்கா!"

"அவர் சொல்றாரு, உன் தங்கச்சி சாப்பிட வரல, வேவு பார்க்க வந்திருக்கான்னு."

சுருக்கென்று தைத்தது. அக்கா போனபின் வேறொரு எண்ணம் வந்தது. அத்தான் லேசுப்பட்டவர் இல்லை. மனதில் உறுத்தியதை இவள் வாய் வழியாக வெளியே கொண்டுவரத்தான் அன்று சொன்னாரோ? சீ என்று உதறினாள். அது ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலை நிறுவனத்தின் இயக்குநர் அம்மாவிடம், ஐந்தாவதை எடுத்துவிடலாம் என்றாள். காரணம் சொல்லவில்லை.

இயக்குநர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இப்ப எடுத்தா, அது எங்கேயோ சுட்டிருக்குன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும். இருக்கட்டும். ஆமா, இதை உனக்கு யார் சொன்னா?"

இளையவளுக்கு நல்ல நேரத்தில் இருமல் வந்தது.

மேசைக்குத் திரும்பியதும் தொலைபேசி அடித்தது. துறைமுக நகரின் பிரிவுத் தலைவர். "கேள்வித்தாள் பிரமாதம் மேடம்," என்று தொடங்கியவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பதினாலுல அஞ்சாவது. எங்க ஆபீஸ்ல யார் சொன்னது? சும்மா சொல்லுங்க, உங்க பேர் வெளியில வராது."

அந்த நகரத்தில் அவள் கால் வைத்ததே இல்லை.

மதியம் எல்லையோர நகரத்திலிருந்து இன்னொருவர். இவர் சுற்றி வளைக்கவில்லை. "என் டிரைவர்தானே?"

மாலையில் அத்தானின் தலைவர் நேரிலேயே வந்துவிட்டார். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்து, கேள்வித்தாளை அவள் பக்கம் திருப்பி விரலால் தட்டினார். "எங்க ஆளு ஒருத்தன் சொல்லியிருக்கான். அவன் உங்களுக்குச் சொந்தம்னும் கேள்விப்பட்டேன்."

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"சார், இன்னைக்கு இதையே கேட்ட மூணாவது தலைவர் நீங்க. மூணு பேருமே அவங்கவங்க ஆளைத்தான் சந்தேகப்படறீங்க."

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. "மூணாவதா? மத்த ரெண்டு பேர் யாரு?"

"சொல்ல மாட்டேன் சார். நீங்க வந்ததையும் அவங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

அவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். "திருட்டுப் பசங்க! நாங்க மட்டும்தான் பண்றோம்னு நினைச்சேன்." வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

அடுத்த ஞாயிறு அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். அத்தானுக்குப் பழைய இடமே கிடைத்துவிட்டதாம். அவரே இவள் தட்டில் அள்ளி அள்ளி வைத்தார். கால்பந்து, விலைவாசி, மேல்வீட்டுக்காரரின் நாய் என்று பேச்சு நீண்டது. பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"ஆமா, அந்த மத்த ரெண்டு ஊரு எதும்மா?"

அக்காவின் கரண்டி பாதியில் நின்றது. இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள் என்பதை இளையவள் அந்தத் தலைவர் ஒருவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"சும்மா, ஒரு பேச்சுக்குக் கேட்டேன்," என்றார் அத்தான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"மழை வர்ற மாதிரி இருக்கு, அத்தான்," என்றாள்.