பதினோராம் பக்கம்

ஏழாவது கூட்டத்தில்தான் அது கண்ணில் பட்டது. சமூகப்பணி முதுகலைக்கான புதிய பாடத்திட்டம் மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போயாக வேண்டும். துறைத் தலைவி கடைசியாக ஒரு புரட்டுப் புரட்டினார். நான்காம் பருவத்தில் ஆய்வேடு. அதை எழுத, முதல் பருவத்தில் புள்ளியியல் தேறியிருக்க வேண்டும். முதல் பருவத்தில் புள்ளியியலே இல்லை!

"யாரு தூக்குனது?"

"நாமதான்," என்றார் மூத்த பேராசிரியர். "நாலாவது கூட்டத்துல. எல்லாரும் கை தூக்குனோமே."

"நீங்க எதுக்கும் ஒத்துக்க மாட்டீங்களே சார்?"

"அன்னிக்குப் பல்வலி."

யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை. மொத்தம் இருபது பாடங்கள்தான் அனுமதி. புள்ளியியல் உள்ளே வந்தால் வேறொன்று வெளியே போக வேண்டும்.

"என் சிறை நிர்வாகத்துல கை வச்சா நான் எழுந்து போயிடுவேன்," என்றார் மூத்தவர்.

"என்னோடது இந்த வருஷம்தான்க்கா உள்ளேயே வந்திருக்கு, பச்சைப்பிள்ளை," என்று கெஞ்சினாள் இளம் விரிவுரையாளர்.

அதற்குள் மேஜையைச் சுற்றி எல்லாப் பிரதிகளும் பதினோராம் பக்கத்தில் திறந்திருந்தன. 'முதியோர் நலன்.' பதினெட்டு வருடங்களுக்கு முன் தலைவி ஒற்றை ஆளாகப் போராடிக் கொண்டுவந்த பாடம். அவர் வேலையில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். போன வருடம் அதை எடுத்தவர்கள் நான்கு பேர்.

வாதாடலாம். எட்டாவது கூட்டம் போடலாம். அதை நினைத்தபோதே அவருக்குத் தோள்பட்டை வலித்தது. ஆய்வேடு எழுத வழியில்லாமல் அறுபது பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்பார்களே என்பதும் உறுத்தியது. பேனாவை எடுத்து ஒரே கோடாக அடித்தார்.

அறையே மூச்சு விட்டது. மூத்தவர் பையை மூடினார்.

"இருங்க. புள்ளியியலை யாரு நடத்துறது?" என்றார் தலைவி.

மூத்தவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"உங்களுக்குத்தான்க்கா இப்ப ஒரு பாடம் குறையுது," என்றாள் இளையவள், தரையைப் பார்த்தபடி.

மாணவியாக இருந்தபோது அதே புள்ளியியலில் தலைவி ஒருமுறை கோட்டை விட்டவர். இங்கே யாருக்கும் அது தெரியாது. ஆசிரியர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"நூலகத்துலேர்ந்து ஒரு புத்தகம் எடுத்துட்டு வாம்மா," என்றார் இளையவளிடம். "இருக்கறதுலயே சுலபமானதா பாரு."