ஒரே கை

தூங்குகிற முதுகு கனக்கும். விழித்திருக்கிற முதுகு கனக்காது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கணவனின் புது பைக்கில் பின்னால் உட்கார்ந்து, இடது உள்ளங்கையை அவன் முதுகில் வைத்துக்கொண்டு தினமும் போனதில் தெரிந்துகொண்டாள். கை பட்ட இடம் விறைப்பாக இருக்கிற வரை கவலையில்லை. அது மாவு மாதிரி தளர்ந்தால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம். உடனே ஏதாவது சொல்லியாக வேண்டும்.

அவனுக்கு ரொட்டி ஆலையில் ராத்திரி வேலை. அடுப்புப் பகுதி. விடிந்ததும் வண்டியில் வீட்டுக்கு வருவான். எஞ்சினை அணைக்க மாட்டான், இறங்கவும் மாட்டான். அவள் டீயை வாசலுக்கே கொண்டு வந்து கொடுப்பாள். குடித்துவிட்டு டம்ளரை நீட்டுவான். அவள் அதை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு ஏறிக்கொள்வாள். மருந்துக் கிடங்கில் அவளுக்குப் பகல் வேலை. பெட்டி பிரித்து அடுக்க வேண்டும். கேட்டை நேரத்துக்கு இழுத்து மூடிவிடுவார்கள். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் அவன் வந்து படுப்பான்.

சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்கள். அவன் மேல் அப்படி ஒரு ரொட்டி வாசம். அந்த வாசத்தில் பசி வருகிறவர்களுக்கு அவள் வயிற்றெரிச்சல் தெரியாது.

வண்டி வாங்குவதற்கு முன்னால் ஆலை வேனில் வந்துகொண்டிருந்தான். வேனில் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். டிரைவர் ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, பெயரைக் கத்தி, மூட்டையை இறக்குகிற மாதிரி இறக்கிவிட்டுப் போவார். வண்டி வந்த அன்றே வேன் சீட்டை விட்டுக் கொடுத்துவிட்டான். "எலி வளைன்னாலும் தனி வளை வேணும்" என்றான். எலி வளைக்குள் தூங்கலாம், ஓட்டிக்கொண்டு தூங்க முடியாது என்று அவளுக்கு அப்போது சொல்லத் தோன்றவில்லை.

வண்டி மேல் அவனுக்கு இருந்த அக்கறையைக் குறை சொல்ல முடியாது. கூடவே வந்த சின்னப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தான். கல்யாணப் பத்திரிகையைக்கூட அவ்வளவு கவனமாகப் படித்திருக்க மாட்டான். டயரில் காற்று, செயினில் தொய்வு, கண்ணாடி வழியே ஆயில் மட்டம், எல்லாம் பார்ப்பான். பழைய பனியனால் துடைப்பான். துடைத்த பனியனைத் தனியாகத் துவைப்பான். புது எஞ்சின் பழகுகிற வரை நாற்பதைத் தாண்டக் கூடாது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. முள் நாற்பதில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். பஸ் தாண்டும், லாரி தாண்டும், ஒரு நாள் காய்கறி ஏற்றிய மூன்று சக்கர வண்டி தாண்டியது. அதில் உட்கார்ந்திருந்தவன் திரும்பி, "என்னண்ணே, பெட்ரோலை வாசம் காட்டியே ஓட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால் நின்ற உடம்பு. எதிரில் நேர் சாலை. நாற்பது. தாலாட்டுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

முதலில் அவள் கதை சொல்லிப் பார்த்தாள். தூங்கினான். மகளின் குறும்புகளைச் சொன்னாள். சிரித்துக்கொண்டே தூங்கினான். அவனைப் பாராட்டினால் இன்னும் சீக்கிரம் தூங்கினான். கடைசியில் ஒன்று பிடிபட்டது. சண்டை போட்டால் முழித்துக்கொள்கிறான். அதுவும் அவன் தங்கையைப் பற்றிப் பேச்செடுத்தால் முதுகு பலகை மாதிரி நிமிரும்.

"உங்க தங்கச்சி குக்கரை வாங்கிட்டுப் போயி விசில் இல்லாம திருப்பிக் குடுத்தாளே, ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"காலங்காத்தால ஆரம்பிக்காதே."

"விசில் என்ன நடந்தா போச்சு?"

"அவ வீட்டுல குழந்தை எடுத்து விளையாடியிருக்கும். ஒரு விசிலுக்காக ஊரைக் கூட்டறியா?"

இப்படியே கிடங்கு வந்துவிடும். இறங்கும்போது இரண்டு பேருக்கும் முகம் கடுகடு என்றிருக்கும். அவளுக்கு அது திருப்தி. ஆள் கோபமாக வீட்டுக்குத் திரும்பினால் முழித்துக்கொண்டே போவான். ஆனால் ஒரு விசிலை எத்தனை நாளைக்கு ஊதுவது? அலுத்துவிட்டது. சண்டைக்குச் சரக்கு தீர்ந்துகொண்டிருந்தது. நாத்தனார் பாவம், அவளும் புதிதாக எதுவும் செய்து தொலைக்கவில்லை.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாதா என்றால், அதுதான் வேடிக்கை. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனின் பைக்கில் இரண்டு பக்கமும் தண்ணீர் கேன் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போட்டவள். லைசென்ஸ் இருக்கிறது. ராத்திரி நன்றாகத் தூங்கியும் இருக்கிறாள். தூங்கி எழுந்தவள் பின்னால், தூங்காதவன் முன்னால். ஏனென்றால் முதல் சர்வீஸ் வரைக்கும் ஒரே கைதான் பழக வேண்டும். கை மாறினால் எஞ்சின் கெட்டுவிடும். இது புத்தகத்தில் இல்லை. ஆலையில் அடுப்பண்ணன் என்று ஒரு மூத்த ஆள் சொன்னது. புத்தகத்தில் இருந்ததைவிட இதைத்தான் அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"நான் ஓட்டறேங்க."

"முதல் சர்வீஸ் முடியட்டும்."

"இந்த சீட்டு மேல இருக்கற பிளாஸ்டிக்கையாவது கிழிங்க. பிரேக் போட்டா வழுக்கிட்டு உங்க மேல வந்து விழறேன்."

"சர்வீஸ் முடியட்டும்."

அந்த வெள்ளிக்கிழமை அவள் ஒரு நிமிஷம் அசந்துவிட்டாள். சண்டை தொடங்கத் தெம்பில்லாமல் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தாள். உள்ளங்கையில் கனம் ஏறியது புத்திக்கு எட்டுவதற்குள் வண்டி சாலையின் ஓரக் கோட்டைத் தாண்டிவிட்டது. கத்தினாள். முதுகில் குத்தினாள். முன் சக்கரம் பாதையோரக் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் அச்சு வரை புதைந்து நின்றது. அவள் பிளாஸ்டிக்கில் வழுக்கி அவன் மேல் மோதினாள். அவன் டேங்கின் மேல் கவிழ்ந்தான். வண்டி மெதுவாக, யோசித்து யோசித்து, இடது பக்கம் சாய்ந்தது.

மணலுக்கு இரண்டடி தள்ளி கம்பி கட்டு இருந்தது. கம்பிகளின் முனையெல்லாம் சாலையைப் பார்த்தபடி. அவள் அதைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள்.

மேலே சாரத்தில் நின்ற கொத்தனார் எட்டிப் பார்த்தார். "அண்ணே, எவ்வளவு மணல் வேணும்? சொல்லியிருந்தா வீட்டுக்கே கொண்டாந்து கொட்டியிருப்போமே!"

அவன் முழங்கையில் ரத்தம். அதைப் பார்க்கவில்லை. மண்டியிட்டு டேங்கைத் தடவினான். "பெயிண்டு போகல" என்றான். அப்புறம், "இண்டிகேட்டர் கீறிடுச்சு."

"தூங்கிட்டீங்க."

"தூங்கல. கண்ணை மூடினேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எப்படி ஒண்ணு? தூங்கியிருந்தா கையை விட்டிருப்பேன்ல?"

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. உட்கார வேண்டும் போலிருந்தது. மணலிலேயே உட்கார்ந்தாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. இதுவரை எதிர் வீட்டு அக்காவிடம் இருந்த மகளை முதல் முறையாகச் சேர்த்திருக்கிறார்கள். 'அவளை டேங்க் மேல உட்கார வச்சு ஸ்கூல்ல இறக்கிட்டு, அப்படியே உன்னைக் கொண்டுபோய் விட்டுடறேன்' என்று அவன் ஏற்பாடு செய்து வைத்திருந்தான். குழந்தைக்கு வாங்கிய சின்ன ஹெல்மெட்டை அது வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு திரிந்தது. அவள் கம்பி முனைகளை மறுபடி பார்த்தாள். டேங்க் மேல் உட்கார்ந்தால் குழந்தையின் முகம் எந்த உயரத்தில் வரும் என்று கணக்குப் போட்டாள். போட்டிருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அவன் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் குந்தினாள்.

"ஒரே கை பழகணும்ங்கறீங்க. அந்தக் கை எந்நேரமும் தூங்கற கையா இருந்தா வண்டிக்கு என்ன பழகும்?"

"கிண்டலா?"

"கிண்டல் இல்ல. நாளைக்கு அவ ஏறக் கூடாது. நீங்க பழையபடி வேன்ல வாங்க. நான் ஓட்டறேன்."

"விட்டுக் குடுத்த சீட்டை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் திரும்பக் கேக்கறது? ஆலையே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"ஒரு நாள் மணல்ல இறங்கினதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? நாளைக்கு ரெண்டு டீயாக் குடு."

அதோடு பேச்சு முடிந்தது. சாயங்காலம் வண்டியில் ஏறிப் போனான். அவள் சாவியை ஒளித்து வைத்திருக்கலாம். நடந்து போய், அடுப்பு முன்னால் நின்று, நடந்து வருவான். அவ்வளவு பிடிவாதக்காரன்.

திங்கள் காலை மகளுக்குத் தலை வாரி, பையை மாட்டி, வாசலில் நிறுத்தினாள். என்ன சொல்லிச் சாவியைப் பிடுங்குவது என்று மனசுக்குள் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வண்டி வரவில்லை. டீ ஆறியது. அந்த நாற்பது சத்தம் தெருமுனையில் கேட்கவில்லை. ஆறிய டீயை அவளே குடித்தாள். கம்பி முனைகள் கண்ணுக்குள்ளேயே நின்றன.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. வேன் வந்து நின்றது. டிரைவர் பழைய வழக்கப்படி பெயரைக் கத்தினார். ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு அவன் இறங்கினான்.

"வண்டி எங்க?" என்று கேட்டாள்.

"ஆலையில." வாசல் படியில் உட்கார்ந்தான். ஏதோ கெட்ட செய்தி சொல்ல வந்தவன் மாதிரி முகம். "ஸ்டார்ட் பண்ணேன். சூடாகட்டும்னு ஸ்டாண்ட்லயே உட்கார்ந்தேன். கண்ணை... தூங்கிட்டேன். ஷிப்ட் மாறிப் போயி, எல்லாரும் டீ குடிச்சு வந்தப்புறம்தான் அடுப்பண்ணன் வந்து எழுப்பினார். அது வரைக்கும் எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்திருக்கு."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கென்ன? புது எஞ்சினை நிறுத்தி வச்சு அப்படிச் சும்மா ஓட விடக் கூடாது. தெளிவாப் போட்டிருக்கான். தொட முடியாத சூடு." அவன் குரல் உடைந்தது. மணலில் விழுந்தபோது உடையாத குரல். "நான் தகுதியில்லாதவன்."

அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. இந்த மனுஷன் உயிருக்குப் பயந்து திருந்துவான் என்று எதிர்பார்த்தது அவள் தப்பு. எதற்காகத் திருந்தினால் என்ன, பிள்ளைக்கு முகம் இருக்கும். கையை நீட்டினாள். சாவியை வைத்தான்.

"வேன் ஆலைக்குத்தான் திரும்புது. ரெண்டு பேரும் அதுல போயி வண்டியை எடுத்துக்குங்க. அங்கேருந்து கிடங்குக்குப் போற வழியில ஸ்கூல்" என்றான். "எடுக்கும்போது முறுக்காத. நாற்பதுக்கு மேல வேணாம். பிரேக்கு புதுசு, ரெண்டையும் சேர்த்துப் பிடி. அப்புறம் செயின்..." செயின் என்ன என்பது தெரியவில்லை. கதவில் சாய்ந்து வாயைப் பிளந்திருந்தான்.

எதிர் வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "எழுப்பி உள்ள அனுப்பவா?"

"வேண்டாம்க்கா. வெயில் ஏறினா அவரே போவாரு."

அம்மாவும் மகளும் வேனிலிருந்து இறங்கியபோது ஆலை வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் அடுப்பண்ணன் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். புருவமெல்லாம் மாவு. அவள் சாவியை எடுத்ததும் எழுந்தார்.

"நீயா ஓட்டப் போற? கை மாறக் கூடாதேம்மா."

"யாருண்ணே உங்களுக்குச் சொன்னது?"

"எனக்கு ஒருத்தன் சொன்னான்."

"உங்ககிட்ட என்ன வண்டி இருக்கு?"

"என்கிட்ட ஏது வண்டி?" என்றார் அவர். "நான் எப்பவும் வேன்தான்."

அவள் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது. ஆயில் மட்டம் பார்த்தாள், இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்தாள். அப்புறம் சீட்டின் ஓரத்தில் நகத்தை விட்டு, பிளாஸ்டிக்கை ஒரே இழுப்பில் கிழித்தாள். மகள் பயந்துவிட்டாள்.

"அப்பா திட்டுவாரு."

"திட்டினா முழிச்சிருப்பாரு. நல்லதுதான்."

குழந்தையைப் பின்னால் உட்கார வைத்து, ஹெல்மெட் வாரைத் தாடைக்கு இறுக்கி, இரண்டு கால்களும் கம்பியில் ஊன்றியிருக்கிறதா என்று பார்த்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். வண்டி முதல் உதைக்கே பிடித்துக்கொண்டது. தண்ணீர் கேன் இல்லாததால் லேசாக இருந்தது.

நேர் சாலை வந்தது. முள் நாற்பதில் நின்றது. பஸ் தாண்டியது, லாரி தாண்டியது. பழக்க தோஷத்தில் குக்கர் விசில் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தாள். சண்டை போட யாருமில்லை. மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, கேட்டை மூடுவதற்குள் கிடங்குக்குப் போக வேண்டும். சாயங்காலம் கடைக்குப் போக வேண்டும், குழந்தையைக் கூட்டி வர வேண்டும், வந்து சமைக்க வேண்டும். இனி இதெல்லாம் அவள் கணக்கு. முதுகில் சின்ன ஹெல்மெட் முட்டி முட்டி நின்றது. அது கனக்கிறதா என்று கவனித்துக்கொண்டே ஓட்டினாள்.

கை மாறியது வண்டிக்குத் தெரிந்த மாதிரி இல்லை.